அக்கா மகனுக்குச் சான்றிதழ்
எங்கள் அக்கா மகன் சமூகக் கல்லூரியில் மின்சாரப் பிரிவை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டான்! அடுத்து போலிடெக்னிக்கில் டிப்ளோமா. படிவம் ஐந்தில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் ரிசல்ட் வந்தபோது "இனி தொழிற்சாலைதான்" என்ற உறவினர்களுக்கெல்லாம் அக்காவே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

மலேசியாவில் இந்தக் கல்லூரிகள் 2001-இல் தொடங்கின. அரசாங்கத்துடையவை, கட்டணம் குறைவு, பட்டறையில் நின்று கைவேலையோடு படிக்கலாம். பினாங்கிலேயே பாயான் பாரு, நிபோங் திபால், கெப்பாலா பத்தாஸ் என்று இருக்கின்றன. ஆனாலும் படிவம் ஐந்து முடிந்ததும் நம் வீடுகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. அதுதான் என் ஆதங்கம். கேக், தையல் மாதிரி குறுகியகாலப் பயிற்சிகளில் அம்மாக்களும் சேரலாம்.

எஸ்பிஎம் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான். நிரப்பும்போது நானே கூட உட்காருகிறேன்.