பாஸ்வேர்ட் போட்டும் திறந்தே கிடந்த சம்பள டேபிள்

எங்கள் அலுவலகத்தில் பில், ஸ்டாக், சம்பளம் எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில்தான். பழைய எம்டிபி கோப்பாக இருந்தவரை ஆளுக்கொரு லாகின், யார் எந்த டேபிளைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் இருந்தது. ஏசிசிடிபி என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றியதும் அது போய்விட்டது, ஏனென்றால் ஆக்சஸ் 2007-இல் வந்த அந்தப் புது வடிவத்தில் அந்த வசதியே கிடையாது. கோப்பைத் திறக்கிற யாரும் சம்பளத்தைப் பார்க்கலாம். சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது.

சரி, சர்வரில் டேட்டா இருக்கும் கோப்பான பேக்-எண்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் போடலாம் என்று போனால், எக்ஸ்க்ளூசிவ் முறையில், அதாவது வேறு யாரும் திறந்திருக்காதபோது நான் மட்டும் திறந்தால்தான் போட முடியும் என்றது. யாரோ கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கப் பக்கத்திலேயே உருவாகும் லாக்சிடிபி என்ற லாக் கோப்பை நோட்பேடில் திறந்தால் கம்ப்யூட்டர் பெயர்கள் தெரியும், ஆனால் மூடிவிட்டுப் போனவர்களின் பெயரும் அதில் தங்கியிருக்கும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் போய் ஓப்பன் ஃபைல்ஸ் பாருங்கள், அதுதான் சரியான பட்டியல்.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு பாஸ்வேர்ட் போட்டேன். மறுநாள் காலை எல்லா மேஜையிலும் 'நாட் எ வேலிட் பாஸ்வேர்ட்'. ஒவ்வொருவரும் வேலை செய்யத் திறக்கும் கோப்பான ஃப்ரண்ட்-எண்டில், பேக்-எண்ட் டேபிள்களைச் சுட்டும் லிங்க் டேபிள்களுக்குப் புது பாஸ்வேர்ட் தெரியாது, அவ்வளவுதான். லிங்க்குகளை அழித்துவிட்டுத் திரும்ப இணைத்தால் ஒருமுறை பாஸ்வேர்ட் கேட்கும், அப்புறம் கேட்காது. அழிவது லிங்க் மட்டும்தான், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

ஒருமுறைக்கு மேல் கேட்காது என்றால் அதை எங்கே வைத்திருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஃப்ரண்ட்-எண்டில் சிஸ்டம் ஆப்ஜெக்ட்களைக் காட்டச் சொல்லி, ஆக்சஸ் தன் உள்விவரங்களை வைத்திருக்கும் எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் டேபிளைத் திறந்து, கனெக்ட் என்ற நெடுவரிசையைப் பார்த்தேன். பாஸ்வேர்டின் சுருக்கமாக பிடபிள்யூடி என்று போட்டு, பக்கத்தில் பாஸ்வேர்ட் எழுத்துக்கு எழுத்து அப்படியே நிற்கிறது. கோப்பையே திருடிக்கொண்டு போகிறவனுக்கு பாஸ்வேர்ட் போட்டதும் கோப்புக்குக் கிடைக்கும் என்க்ரிப்ஷன் (குறியாக்கம்) தடைதான், ஆனால் அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது பூட்டே இல்லை. சக ஊழியர்களின் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிற இடத்துக்கு இது போதாது, போதவே போதாது.

கடைசியில் சம்பள டேபிள்களைத் தனி பேக்-எண்டாகப் பிரித்து, கணக்குப் பிரிவினருக்கு மட்டும் விண்டோஸ் அனுமதி உள்ள ஃபோல்டரில் வைத்தேன். மற்றவர்களின் ஃப்ரண்ட்-எண்டில் அந்த லிங்க்கே இல்லை. பழைய பேக்-எண்டின் பிரதிகளைத் தேடித் தேடி அழிக்கவும் வேண்டியிருந்தது, சம்பளம் அவற்றிலும் இருந்ததே. பொது ஃபோல்டருக்கு ரீட்-ஒன்லி கொடுத்துவிடாதீர்கள், லாக் கோப்பை உருவாக்க முடியாமல் பில் போடுவது நின்றுவிடும்.

அடுத்து டேட்டாவை மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை தாங்கும், விண்டோஸ் லாகினிலேயே இணைத்தால் லிங்க்கில் பாஸ்வேர்ட் எழுத வேண்டியதே இல்லை.