முந்தானையில் முடிந்த சர்க்கரை

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மாதந்தோறும் சர்க்கரை நோய் மாத்திரை கொண்டு போகிறேன். 2021-இல், வீட்டுக்கே மருந்து கொண்டு வரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு, மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. பெரிய ஆறுதல்தான். ஆனால் மாத்திரை மட்டும் போதாது.

போன வாரம் ஓர் அக்கா, பறித்த கொழுந்தோடு தேயிலைச் செடிகளுக்கு இடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கை நடுக்கம். அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வியர்வை! குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை 58 காட்டியது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வரக்காப்பியோடு வேலைக்கு வந்திருக்கிறார். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன்.

"எனக்கே சர்க்கரையா, அம்மணி?" என்று மிரண்டார்.

"70-க்குக் கீழே இறங்கினால் இதுதான் மருந்து, அக்கா. சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடாதீர்கள்."

கால் மணி நேரத்தில் 84. என் கைநடுக்கம் அப்போதுதான் நின்றது.

இன்று பார்த்தேன். முந்தானையில் சர்க்கரைப் பொட்டலம் முடிந்திருந்தார். தூக்குவாளியில் ராகிக் களியும் இருந்தது.