சேரின் பேரேடு

கல்லூரி விளையாட்டு நினைவுகளை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது கிரிக்கெட்டைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் கிரிக்கெட் அணியில் பன்னிரண்டாவது ஆளாகக்கூட இருந்ததில்லை. என் உயரம் ஐந்தடியும் இரண்டு விரற்கடையும். ஆகவே பின்வளவு வேப்பமரத்தின் கீழிருந்த தகரக் கொட்டிலைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கொட்டில் பக்கம் ஒருநாளும் வராத ஒரு பல்கேரியனைப் பற்றியும். அவன் துருக்கியன் என்று யாரும் திருத்த வந்தால், சற்றுப் பொறுங்கள்.

கொட்டிலில் இருந்தது ஒரு பழைய லொறி அச்சும், தகர வாளிகளில் சீமெந்து ஊற்றி வார்த்த எட்டுத் தட்டுகளும். வார்த்தவன் கைக்கணக்கில் வார்த்ததால் எந்த இரண்டும் ஒரே நிறை இல்லை. ஒருவர் தூக்கி முடித்ததும் அச்சை மறுபக்கம் திருப்பி வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு தோள் மட்டும் வளரும் என்பார் சேர். வகுப்பறைகளில் மிஞ்சிய வெண்கட்டியைத் தூளாக்கிக் கையில் பூசிக்கொள்வோம். சேர் எங்களுக்குக் கணக்கியல் படிப்பித்தவர். பளுதூக்கல் அவருடைய சொந்தப் பைத்தியம். எந்த அணியிலும் எடுபடாத கட்டையன்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார். "நிலத்துக்குக் கிட்ட இருக்கிறவனுக்குப் பாரம் போகவேண்டிய தூரம் குறைவு, தம்பி" என்பது அவர் கணக்கு.

அவரிடம் ஒரு பேரேடு இருந்தது. கடைக்காரர்கள் வைத்திருக்கும் அதே நீள, சிவப்பு முதுகுப் பேரேடு. இடப்பக்கத்தில் பத்திரிகைத் துண்டுகளை ஒட்டி, வலப்பக்கத்தில் உடல் எடை, தூக்கிய எடை, இரண்டுக்கும் விகிதம் என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார். கிலோவை அந்தராகவும் மாற்றியிருப்பார், எங்களுக்குப் புரியட்டும் என்று; ஓர் அந்தர் ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல். பயிற்சி முடிந்த பின் அதைப் புரட்ட எங்களுக்கு அனுமதி உண்டு.

அந்தப் பேரேட்டில் எனக்கும் என்னோடு பழகிய இன்னொரு கட்டையனுக்கும் ஆளுக்கொரு வீரன் இருந்தான். அவனுடையவன் பல்கேரியாவின் நயிம் சுலைமானோவ். பதினாறு வயதில் உலக சாதனை வைத்தவன். தன் உடல் எடையின் மூன்று மடங்கைத் தலைக்கு மேல் தூக்கிய இரண்டாவது மனிதன். 1984 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் அணியோடு சேர்ந்து பல்கேரியாவும் புறக்கணித்ததால் போக முடியாமல் போனவன். என்னுடையவன் அதே நாட்டின் நாவும் ஷலமானோவ். 1985இலும் 1986இலும் 60 கிலோப் பிரிவில் உலகச் சம்பியன். என் ஆள் வந்ததும் உன் ஆள் காணாமல் போய்விட்டான் பார் என்று நான் சொல்வேன். உன்னுடையவனுக்கு இடம் விட்டுக் கொடுத்தான் என்பான் அவன். இந்த வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. சேர் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. கணக்கியல் ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு குரூரமான பொறுமை உண்டு. ஐந்தொகை சமப்படவில்லை என்பார்கள், எங்கே பிழை என்று சொல்லமாட்டார்கள்.

1988 செப்டெம்பரில் சியோல் ஒலிம்பிக். இந்திய இராணுவம் எங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்த காலம். பொழுதுபட்டால் தெருவில் நடமாட்டம் இல்லை. மறுநாட் காலை வானொலியில் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு மற்றவன் ஓடி வந்தான். 60 கிலோப் பிரிவில் துருக்கியைச் சேர்ந்த யாரோ சுலைமானோக்ளு, உன் ஷலமானோவின் சாதனையை உடைத்துவிட்டான் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகத்தான்.

அன்றைக்குத்தான் சேர் வாய் திறந்தார். மூன்று பக்கங்களை விரித்து, பிறந்த திகதியைப் பார்க்கச் சொன்னார். சுலைமானோவ் 1967 ஜனவரி 23. ஷலமானோவ் 1967 ஜனவரி 23. "சுலைமானோக்ளுவுக்கும் அதுதான்" என்றார். எங்கள் வழக்கின் வாதி, பிரதிவாதி, இப்போது வந்து சேர்ந்தவன், மூன்றும் ஒரே ஆள்.

பிறகு கதையைச் சொன்னார். பல்கேரியாவின் தெற்கே கர்ஜாலி மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் துருக்கி மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவன் நயிம். 1984 கடைசியில் அந்த நாட்டு அரசு, துருக்கியர் எல்லோரும் பல்கேரியப் பெயருக்கு மாற வேண்டும் என்று பலவந்தப்படுத்தத் தொடங்கியது. உலக சாதனையாளனுக்கும் விதிவிலக்கு இல்லை. அப்படித்தான் அவன் நாவும் ஷலமானோவ் ஆனான். 1986 டிசெம்பரில் உலகக் கிண்ணப் போட்டிக்காக மெல்பேர்ன் வந்தவன், போட்டி முடிந்து விருந்து நடந்த இடத்திலிருந்து நழுவினான். சில நாட்கள் அங்கிருந்த துருக்கியரிடம் மறைந்திருந்து, பின் தூதரகத்தை அடைந்தான். துருக்கிப் பிரதமர் துர்குத் ஓசால் தனி விமானம் அனுப்பி அழைத்துக்கொண்டார். நாடு மாறியவன் சியோலில் போட்டியிடப் பழைய நாட்டின் சம்மதம் வேண்டும். துருக்கி அதற்குப் பத்து இலட்சம் டொலருக்குக் குறையாமல் கொடுத்ததாகப் பேச்சு. சேர் அந்தத் தொகையைச் செலவுப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது.

அன்று நிரப்பினார். நிலத்திலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் 152.5, தோளில் ஏற்றிப் பின் தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அன்ட் ஜேர்க் 190, மொத்தம் 342.5 கிலோ. இரண்டாவதாக வந்தவர் 30 கிலோ பின்னால். அடுத்த மேல் பிரிவில், 67.5 கிலோவில், தங்கம் வென்றவரே 340தான் தூக்கினார். 147 சென்ரிமீற்றர் உயரமுள்ள, அறுபது கிலோ ஆள் தலைக்கு மேல் 190 கிலோ! "மூன்றே முக்கால் அந்தர்" என்று சேர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். சந்தையில் மூட்டை சுமப்பவர்கள்கூட ஓர் அந்தருக்கு ஒரு மூச்சு எடுப்பார்கள். அந்த வருடம் கொட்டிலில் எல்லோரும் நயிம்தான். நான் அறுபத்திரண்டு கிலோ வரை போனேன். அதற்கு மேல் லொறி அச்சு என்னை மதிக்கவில்லை.

இந்த அவுஸ்திரேலியாவுக்கு நான் வந்தபோது, என் பெயரின் நீளத்தைப் பார்த்த ஓர் அலுவலர் அதை நடுவில் வெட்டினார். இன்றுவரை என் வங்கி அட்டையில் பாதிப் பெயர்தான். நயிமோடு என்னை ஒப்பிடுவது சிரிப்புக்கிடம். என் பெயரை யாரும் துப்பாக்கி காட்டிப் பறிக்கவில்லை, பெட்டிக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அட்டையை நீட்டும்போது சில நேரம் அந்த மூன்று பக்கங்கள் ஞாபகம் வரும்.

1992 பார்சிலோனாவிலும் நயிம் தங்கம் வென்றார். 1996 அட்லாண்டாவை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தேன். 64 கிலோப் பிரிவில் கிரேக்கத்தின் வலேரியோஸ் லியோனிடிஸும் அவரும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனார்கள். மொத்தத்தில் நயிம் 335, லியோனிடிஸ் 332.5. கடைசியில் லியோனிடிஸ் கிளீன் அன்ட் ஜேர்க்கில் 190ஐக் கேட்டு, முடியாமல் விட்டார். அதற்கு முந்திய வருடத்து இடப்பெயர்வில் எங்கள் கொட்டில் போய்விட்டது. பேரேடு மட்டும் சேரின் சைக்கிள் கரியரில் சாவகச்சேரி வரை போய், அவரோடு திரும்பி வந்ததாம்.

2000 செப்டெம்பரில் ஒலிம்பிக் சிட்னிக்கு வந்தது. டார்லிங் ஹாபரில் டிக்கெட் எடுத்தேன். நான்காவது தங்கத்துக்காக, ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்தார் நயிம். வயது முப்பத்துமூன்று, சிகரெட்டை விடாத மனிதர். மண்டபம் நிறையச் சிவப்புக் கொடிகள். ஸ்னாட்சில் எடுத்த எடுப்பிலேயே 145 கிலோ கேட்டார். சியோலில் அவர் தொடக்கமாகத் தூக்கிய அதே எடை. முதல் முயற்சி தவறியது. இரண்டாவதும். மூன்றாவது முறை வருமுன் கையில் மக்னீசியத் தூளை நெடுநேரம் பூசிக்கொண்டே நின்றார். எனக்கு எங்கள் வெண்கட்டித் தூள் மணத்தது. மூன்றாவதும் விழுந்தது. மூன்று முயற்சியும் தவறினால் மொத்தம் இல்லை, முடிவுப் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. தங்கம் நிக்கொலாய் பெஷாலோவுக்கு. பார்சிலோனாவில் பல்கேரியாவுக்காக நயிமுக்கு அடுத்து வந்த அவர், சிட்னியில் குரோஷியாவுக்காகத் தூக்கினார்.

எல்லாவற்றையும் எழுதிச் சேருக்குக் கடிதம் போட்டேன், ஆறு பக்கம். பதில் வர இரண்டு மாதமாயிற்று. சுகம் விசாரித்து, மகளின் கலியாணத்தைச் சொல்லி, கடைசியில் கேட்டிருந்தார்: "பலகையில் அவருடைய பெயரை எப்படிப் போட்டிருந்தார்கள்? எழுத்துக்கூட்டி அனுப்பவும். பேரேட்டில் பதிய வேண்டும்."

சேர் 2009இல் காலமானார். நயிம் 2017 நவம்பரில் இஸ்தான்புல்லில், ஐம்பது வயதில். ஈரல் மாற்றியும் பலனில்லை. இறுதிச் சடங்குக்கு லியோனிடிஸ் வந்திருந்தார், பெட்டியில் முத்தமிட்டார்.

சேரின் கேள்விக்கு அன்றே பதில் போட்டேன். போட்டி நிகழ்ச்சித் தாளிலிருந்து அந்தப் பெயரைக் கத்தரித்து, ஒட்டுவதற்கு வசதியாக ஓரம் விட்டு, உறைக்குள் வைத்து அனுப்பினேன்.