ஆசிரியர் தரச் செய்முறைப் பரீட்சை: கொப்பியை மூடிவிட்டு ஆலாபனை பாடுங்கள்

பெறுபேறு வந்துவிட்டது. வட இலங்கை சங்கீத சபையின் கர்நாடக இசைப் பரீட்சை, ஆசிரியர் தரம், வாய்ப்பாட்டு, சித்தி. அப்பாடா! இனி பேருக்குப் பக்கத்தில் கலாவித்தகர் என்று போடலாம். அடுத்த முறை மட்டக்களப்பிலிருந்து தோற்றப்போகும் தங்கச்சிமாருக்காகச் சூடு ஆறமுன் எழுதுகிறேன். வர்ணம், கீர்த்தனை பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது எப்படியும் வந்துவிடும். ஆலாபனை, அதாவது சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடு என்றால்தான் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஸ்வரமாக எழுதித் தந்த ஆலாபனையைப் பாடமாக்கி ஒப்புவிப்பது எங்கள் பக்கம் பெரிய பழக்கம். நான் போன ஒரு வகுப்பில் காம்போதி ராகம் என்றால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் மூச்செடுப்போம். பரீட்சகர் நிறுத்தி, "பஞ்சமத்திலிருந்து எடுங்கோ பாப்பம்" என்றால் கொப்பியில் பக்கம் தேட வேண்டியதுதான்.

நான் பிறகு பிடித்த வழி இது. நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையை எடுத்து, சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களைக் கழற்றி, தாளத்தையும் விட்டு, வெறும் 'ஆ'வில் பாடுங்கள். ராகம் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று அப்போதுதான் காதில் விழும். காம்போதியில் மகபதஸ என்று மேல் ஷட்ஜத்தில் நின்று, ஸநிபதஸ என்று வரும்போது காகலி நிஷாதம், அதாவது சற்று உயர்ந்த 'நி', தலைகாட்டும். காம்போதி பிறந்த தாய் ராகமான ஹரிகாம்போதியில் அந்த ஸ்வரம் இல்லை. சொல்லோடு பாடும்போது எனக்கு அது கவனத்திலேயே வரவில்லை. அகாரத்தில் பாடினால் ராகத்தின் முகமே அங்கேதான் இருக்கிறது. என் பரீட்சகர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்ததும் அந்த இடத்தில்தான்.

விடியப்புறம் சாதகம் செய்தால் அம்மம்மா, "என்ன புள்ள, செத்த வீடு மாதிரி இழுக்கிறாய்" என்பா. யோசித்தால் சரிதான். ஒப்பாரியில் சொல் முடிந்த பிறகு வரும் இழுவையில்தானே அழுகை இருக்கிறது? தென்மோடிக் கூத்திலும் பாட்டின் கடைசியை இழுத்து இசைப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எதற்குப் பயம்?

எழுத்துப் பரீட்சையில் ஆலாபனை பற்றிக் கேட்டால் ஆலாபனையின் பழந்தமிழ்ப் பெயரான ஆளத்தியிலிருந்து தொடங்குங்கள். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் சொல்வது: 'ம்' என்ற மகர ஒற்றில் சுருதி சேர்த்து, குறிலும் நெடிலுமாக விரித்து, 'தென்னா தெனா' என்று பாடுவது. காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி, மூன்று வகையையும் எழுதுங்கள். 1947இல் பழந்தமிழ் இசை பற்றி யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் நம் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்தவர். பண் என்ற பழந்தமிழ் ராகங்களைப் பற்றி நாமே எழுதாவிட்டால் வெட்கம்.

மிச்சம்:

- 'ம்' என்று வாய் மூடிப் பாடுவது சுருதி சேர்க்க மட்டும். அதிலேயே பழகினால் குரல் திறக்காது.
- ஆலாபனைக்கு இடையில் போடும் 'த ரி ந' அசைகள் அளவோடு. மூச்சுக்கு மூச்சு போட்டால் தானம் (ஆலாபனைக்குப் பிறகு லயத்தோடு அசைகளை அடுக்கிப் பாடுவது) பாடுகிற மாதிரி ஆகிவிடும்.
- போனில் பதிந்து கேளுங்கள். கூச்சமாக இருக்கும், கேளுங்கள்.
- ஊர் எது என்று கேட்டு, மட்டக்களப்பு என்றதும் நம் வாவியின் 'பாடும் மீன்' கதை எடுப்பார்கள். சிரித்துவிட்டுச் சுருதிப் பெட்டியைப் போடுங்கள்.
- எனக்கு மேல் ஸ்தாயியில் கத்துவது பிடிக்காது, கீழேதான் அதிக நேரம் நின்றேன். உங்கள் குரல் வேறு என்றால் இதை விட்டுவிடுங்கள்.