லேப்ரடார் இணை சேர்க்கும் முன்

லேப்ரடாரில் சி.என்.எம். என்றொரு பரம்பரைத் தசைநோய் உண்டு. 2 முதல் 5 மாதத்தில் குட்டி தளர்ந்து தடுமாறும், குளிரில் இன்னும் மோசம். குணப்படுத்த மருந்தில்லை. பி.டி.பி.எல்.ஏ. மரபணுவின் பிழைதான் காரணம் என்று 2005-இல் தெரிந்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்த நாய் ஜோராக ஓடியாடும். பார்வையில் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25% ஆபத்து.

கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்தெடுத்தால் மரபணுச் சோதனைக்குப் போதும். குட்டி பால் குடித்த கையோடு எடுக்காதீர்கள், தாயின் செல் கலந்து முடிவே மாறிவிடும். தாயிடமிருந்து 1 மணி நேரமாவது பிரித்து வையுங்கள். குச்சியை நன்றாக உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சைதான் மிஞ்சும்.

ஒற்றைப் பிழையுள்ள நல்ல நாயைத் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். பிழையில்லாத துணையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இந்த நோய் வராது.