ஒழுகுற இடம்

ஜனவரி 5, 2025, ஞாயிறு. திருப்பூர்

மூன்று வாரம் நடையாய் நடந்து இன்றைக்குத்தான் சாவி கைக்கு வந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய பஞ்சு குடோன், படமெடுக்கக் கேட்டிருந்தேன். "படந்தானுங்க, எடுத்துக்கங்க, ஆனா உள்ள தலைல எது விழுந்தாலும் நாங்க பொறுப்பில்லீங்க" என்று உரிமையாளர் போனில் சொன்னார், நியாயமான பேச்சுதான். சுவர் ஏறிக் குதித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஒத்துவராது. அதுவுமில்லாமல் சாவி வாங்கிப் போனால் கூடவே வாட்ச்மேன் வருவார், அவரோடு கதையும் வரும். இன்றைக்கு வாட்ச்மேன் அண்ணன் தன் மாமனாரையும் கூட்டிவந்திருந்தார். இதே குடோனில் முப்பது வருஷத்துக்கு மேல் லோடுமேனாக இருந்தவராம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனதும் எனக்குப் பேச்சே வரவில்லை. இருபத்திரண்டு அடி உயரத்தில் தேக்குக் கைமரங்கள், மேலே மங்களூர் ஓடு, ஓடு போன இடங்களிலிருந்தெல்லாம் வெயில் தூண்தூணாக இறங்கி நின்றது. டிரைபாடை விரித்து, ஒரே காட்சியை வெளிச்ச அளவு மாற்றி மாற்றி (எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு ஸ்டாப் இடைவெளி) ஐந்தைந்து ஷாட்டாக எடுத்துக்கொண்டே போனேன். புழுதி இருந்தால்தான் ஒளிக்கற்றை தெரியும், அதற்காக நாலு எட்டு காலைத் தேய்த்து நடந்தேன் (சாம்பிராணி போட்டு எடுக்கிறவர்களும் உண்டு, பஞ்சு குடோனுக்குள் நெருப்பு கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை, பஞ்சு இல்லாவிட்டாலும்).

ஐயா எழுந்து வந்து கேமராவின் பின்திரையைப் பார்த்தார்.

"அது ஒழுவற எடம் அம்மணி. அதைப் போயி படம் புடிக்கறயே."

"அழகா இருக்குதுங்கய்யா."

"அழகா! மழை வந்தா அதுக்கு நேரா இருக்கற பொதியெல்லாம் ராத்திரியோட ராத்திரியா நவுத்தோணும். ஒரு ஓடு ஒடஞ்சாலும் மொதலாளி தூங்கமாட்டாரு."

ஜனவரி 6

லேப்டாப்பில் நேற்றைய படங்கள் 140. நல்லதென்று நான் குறித்து வைத்தவற்றில் ஒளிக்கற்றை இல்லாத படம் ஒன்றுகூட இல்லை, அதாவது எல்லாமே ஒழுகுற இடம்.

யோசித்தால் ஐயா சொன்னதுதான் சரி. குடோன் என்பதே வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்தக் கட்டிய கட்டடம். ஜன்னல் கிடையாது, கூரைக்குக் கொஞ்சம் கீழே கம்பி வலை அடித்த காற்றுப் போக்கி மட்டும். நெருப்புக்குப் பயந்து விளக்குகூட வைக்கவில்லையாம், பகலில் கதவு வழியாக வரும் வெளிச்சத்தில்தான் வேலை. பீடி பற்றவைத்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்களாம். அந்தக் குடோன் வேலையில் இருந்த காலத்தில் உள்ளே எப்படி இருந்தது என்று என் 140 படத்தில் ஒன்றும் சொல்லாது. சரி, அடுத்த வாரம் திரும்பப் போகிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் கூட்டத்தில் பஸ் கிடைத்துப் போய்ச் சேரவே மணி பத்து. இன்றைக்கு அண்ணாந்து பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு கதவிலிருந்து ஆரம்பித்தேன். இரும்புத் தகடு அடித்த தள்ளுகதவு. வாசல் திண்டு சரியாக மாட்டுவண்டியின் மட்டத்துக்கு இருக்கிறது, பொதியைத் தூக்க வேண்டாம், உருட்டினால் போதும். கதவை ஒட்டிய சுவரில் தோள் உயரத்துக்குக் கரி எழுத்து, ஐந்தைந்து கோடாக, அடித்து அடித்து எழுதிய எண்ணிக்கை. பக்கவாட்டில் டார்ச் பிடித்ததும்தான் பொதி இழுக்கும் கொக்கி கீறிய தழும்புகள் காரையில் எழும்பி வந்தன. நேர் வெளிச்சத்தில் அது ஒன்றும் தெரியவில்லை.

கீழே விழுந்து கிடந்த ஓட்டின் அடிப்பக்கம் எழுத்து பாதி உடைந்து ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம்: மங்களூர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1865இல் அங்கே முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கினார்கள், சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாகக் கோழிக்கோட்டுப் பக்கம் பேப்பூருக்குப் போகும் ரயில் பாதை அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1862இல், முழுதாகிவிட்டது. மேற்குக் கடற்கரை ஓடு கொங்கு நாட்டுக் கூரைகளில் ஏறியதற்குப் பாலக்காட்டுக் கணவாயும் இந்தத் தண்டவாளமும் எவ்வளவு கை கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நடு உத்திரம் மட்டும் இரும்பு, அதில் டார்மன் லாங், மிடில்ஸ்பரோ என்று புடைப்பெழுத்து. இங்கிலாந்துக் கம்பெனி, 1932இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியவர்கள். அதே 1932இல்தான் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, கோவைப் பக்கம் மில்கள் மளமளவென்று எழும்பின. மில் வந்தால் பஞ்சு வேண்டும், பஞ்சுக்குக் குடோன் வேண்டும். இந்தக் கட்டடத்துக்கு வயசு கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, உத்திரத்தைப் பார்த்து நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19

தரையில் விழும் வெயில் வட்டங்களைப் பற்றி எழுத வேண்டும். ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும், சின்னதாக இருந்தால் தரையில் விழுவது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். ஊசித்துளை கேமரா மாதிரிதான். ஓட்டைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைக் கிட்டத்தட்ட 107ஆல் வகுத்தால் வட்டத்தின் அகலம் வந்துவிடும், உச்சி வெயிலில் இருபத்திரண்டு அடிக்கு இரண்டரை அங்குலம். காலை வெயில் சாய்ந்து விழுவதால் அது நீண்டு முட்டை வடிவமாகும்.

2019 டிசம்பர் 26. கங்கண சூரிய கிரகணம், நடுவை நிலா மறைத்துவிட விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும், நம் ஊர் அதன் பாதையில் இருந்தது. அப்போது எனக்குக் கேமராகூடக் கிடையாது. அப்புச்சி வீட்டுப் பக்கத்தில் இடிந்துகொண்டிருந்த, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஒரு ஜின்னிங் ஃபேக்டரிக்குள், சூரியனைப் பார்க்கக் கூடாதென்று திட்டு வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு ஒதுங்கினேன். ஒன்பதரை மணிக்கு அந்தத் தரை முழுக்க வளையல். நசுங்கின வளையல் மாதிரி நூற்றுக்கணக்கில், சுவரில், பருத்திக்கொட்டைக் குவியல் மேல், ஒரு பொடியனின் சட்டையில். கொஞ்ச நேரந்தான், அப்புறம் எல்லாம் பிறையாகிவிட்டது. குடோன் பைத்தியம் எனக்கு அன்றைக்குப் பிடித்தது. இதை ஐயாவிடம் சொன்னால், "அத்தனை ஓட்டையா? பாவம், யாரு குடோனுங்க?" என்று கேட்பார் என்று தோன்றியது. சொன்னேன். அதையேதான் கேட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு. ஈரோடு

மஞ்சள் குடோன். பாதிக் கட்டடம் கைவிட்டது, மீதிப் பாதியில் இன்னும் சரக்கு இருக்கிறது, விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம், கூரை தொட அடுக்கிய சாக்கு அட்டி. இங்கே இருட்டு இன்னும் கெட்டி, காரணமும் உண்டு: வெளிச்சம் பட்டால் மஞ்சள் நிறம் வெளுக்கும், நிறம் போனால் விலை போகும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் மஞ்சளாச்சே. கதவைச் சாணளவு மட்டும் திறந்துவைக்கச் சொல்லி, முப்பது நொடி ஷட்டர் வைத்து எடுத்தேன். கற்றை எதுவும் இல்லை. முதல் சாக்கிலிருந்து கடைசிச் சாக்கு வரை வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்து அப்படியே கருப்பில் போய் முடிகிறது. இத்தனை நாளில் எனக்குப் பிடித்த முதல் படம்.

அடுத்த அறைக்குள் கால் வைக்கப் போனேன், "அங்க போவாதீங்கக்கா, மாத்திரை போட்டிருக்கு" என்று ஒரு பையன் கத்தினான். வண்டுக்குப் புகைமூட்டம். தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த வாயு ஆளைக் கொல்லும். பழைய கட்டடத்தில் பாம்பு, தேனடை, இற்றுப்போன கைமரம் என்று பயப்படுகிற நான் இதை யோசித்ததே இல்லை.

லென்ஸ் மாற்றினேன், புத்தி கெட்டுப்போய். சென்சாரில் மஞ்சள் தூள். அம்மா சட்டையைப் பார்த்துவிட்டு எந்தக் கல்யாணத்துக்கு நலங்கு வைத்துவிட்டு வருகிறாய் என்றாள்.

பிப்ரவரி 9

தைப்பூசத்துக்கு இரண்டு நாள். தாராபுரம் ரோடு முழுக்கப் பழனி பாதயாத்திரைக் கூட்டம், பைக்கை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. பார்க்கப் போன போயிலை குடோனில் தேனடை. திரும்பிவிட்டேன்.

மார்ச் 1, சனி. திருப்பூர்

வாட்ச்மேன் அண்ணன் காலையில் போன் செய்தார்: "அம்மணி, ஓடு எறக்கறாங்க." போவதற்குள் கூரை பாதிக்கு மேல் இல்லை. தேக்கு தனியாக, ஓடு தனியாக அடுக்கியிருந்தார்கள், பழைய தேக்குக்கு நல்ல விலையாம்.

உள்ளே முதல்முறையாக எல்லா இடத்திலும் ஒரே வெயில். படமெடுக்க இதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது. ஆனால் தரை தெரிந்தது. பொதி அட்டி நின்ற இடங்கள் சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடக்க, அவற்றுக்கு நடுவே கருத்து, வழவழத்து, லேசாகக் குழிந்த தடங்கள். ஆள் நடந்து நடந்து தேய்ந்த சந்துகள். இரண்டு மாதம் இதன் மேல்தான் டிரைபாடு வைத்திருக்கிறேன்.

ஐயா பின்சுவர்ப் பக்கம் நின்ற மேஸ்திரியிடம் ஏதோ கேட்பதற்காக உள்ளே இறங்கினார். நேராகப் போனால் நாற்பது எட்டு. அவர் கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் திரும்பினார், அப்புறம் இடப்பக்கம், அப்புறம் மறுபடி வலம், வெறுந்தரையில், ஒரு சதுரத்தையும் மிதிக்காமல்.