52-இல் 27 போனால் 35: தவறான விடையை வாசித்தல்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும், சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்து சேரும் குழந்தைகளின் கணக்குத் திறனைச் சோதித்துப் பார்ப்பது கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கும் வழக்கம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என நான்கிலும் சில கணக்குகளைக் கொடுத்து, திருத்தி, பத்துக்கு எத்தனை என்று பதிவேட்டில் ஏற்றிவிடுகிறோம். இந்த மதிப்பெண்ணால் ஆசிரியருக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்பது என் கருத்து. பத்துக்கு நான்கு வாங்கிய இரு குழந்தைகளுக்கு ஒரே பாடத்தை மறுபடி நடத்தினால் ஒருவர் தேறுவார், மற்றவர் தேறமாட்டார். இருவரும் தவறவிட்ட ஆறு கணக்குகளும் வெவ்வேறு காரணங்களால் தவறியிருக்கும்.

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், சரியான விடையான 25-க்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது 35. ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது என்றதும், பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதி, பத்தாம் இடத்தில் 5-இல் 2 போக 3 என்று முடித்துவிடும் குழந்தைக்கு 35 வருகிறது. முறைப்படி பக்கத்து வீட்டில் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று எழுதிவிட்டு, கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்காமல் அப்படியே விட்டுவிடும் குழந்தைக்கும் அதே 35தான் வருகிறது. முதல் குழந்தைக்குக் கடன் வாங்குதல் என்பதே மனத்தில் இல்லை; இரண்டாவது குழந்தை முக்கால் தூரம் வந்துவிட்டது. சிவப்பு மையில் இரண்டுக்கும் ஒரே தவறுக்குறி விழுகிறது.

இங்கே குறை வினாத்தாளிலும் இருக்கிறது. ஒன்றாம் இடத்து எண்களுக்கிடையே வேறுபாடு 5 ஆக இருக்கும்போதெல்லாம் இந்த இரு பிழைகளும் ஒரே விடையில் வந்து முடியும். 52-க்குப் பதிலாக 53 என்று கொடுத்திருந்தால் சரியான விடை 26. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் குழந்தை 34 என்று எழுதும், கடனைக் குறைக்க மறந்த குழந்தை 36 என்று எழுதும். தாளைப் பார்த்த மாத்திரத்தில் யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். வினாத்தாள் தயாரிப்பவர்கள் கடினம், எளிது என்று பார்க்கும் அளவுக்கு இதைப் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

குழந்தைகளின் கழித்தல் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை அல்ல, தவறான ஒரு முறையைக் குழந்தை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். தவறான முறைகளைக் கணினியில் புகுத்தி, அது தரும் தவறான விடைகளைக் கொண்டு எந்த முறை உள்ளே இருக்கிறது என்று ஆசிரியர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ‘பக்கி’ என்ற பயிற்சியை அவர்கள் உருவாக்கினார்கள். நடுவில் பூச்சியம் வரும் கணக்குகளில் இது நன்றாக வெளிப்படும். 402-இல் 128 போனால் 274. 326 என்று எழுதிய குழந்தை மூன்று இடங்களிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 374 என்று எழுதிய குழந்தையோ பூச்சியத்தை 9 ஆக்கவும், ஒன்றாம் இடத்தை 12 ஆக்கவும் அறிந்திருக்கிறது. நூறாம் இடத்து 4-ஐ 3 ஆக்குவதை மட்டும் விட்டிருக்கிறது. இந்தக் குழந்தையை மறுபடி இரண்டு இலக்கக் கழித்தலில் உட்கார வைப்பது அதன் நேரத்தை வீணாக்குவதாகும்.

வகுத்தலிலும் பூச்சியத்தால்தான் வம்பு. 618-ஐ 6-ஆல் வகுத்து ஈவு 13 என்று எழுதும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. 1-இல் 6 போகாது என்னும் இடத்தில் ஈவில் பூச்சியம் போடாமல் 8-ஐ இறக்கிவிடுகிறார்கள். “618 ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 ரூபாய்தான் வருமா, கண்ணு?” என்று கேட்டால் பாதிப் பேர் தாமாகவே சிரித்துவிட்டு அழிப்பானைத் தேடுகிறார்கள். மீதிப் பாதியினர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத்தான் இடமதிப்பை முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

எழுத்துத் தாள் காட்டாத ஒன்றை வாய்மொழி காட்டிவிடும். கடன் வாங்கிய எண்ணை ஏன் குறைக்கவில்லை என்று ஒரு சிறுமியிடம் கேட்டபோது, “கடன்தானுங்க டீச்சர், அப்புறம் திருப்பிக் குடுத்திருவமுங்க” என்றாள். நாம் சொல்லிக்கொடுக்கும் பக்கத்து வீட்டுக் கதையை அவள் நம்மைவிட ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள். பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் காட்டியதும் அவளுக்கு விளங்கிவிட்டது. சரியான விடைகளையும் இப்படிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. 53-இல் 27 போக 26 என்று சரியாக எழுதிய ஒரு மாணவனின் தாளின் பின்புறத்தில் ஐம்பத்து மூன்று கோடுகள் இருந்தன. இருபத்தேழை அடித்துவிட்டு மீதியை எண்ணியிருந்தான். அவன் பதிவேட்டில் தேர்ச்சி. மூன்று இலக்கம் வந்தால் தாள் போதாது. தவறும்போது மட்டும் “எப்படிப் போட்டாய்?” என்று கேட்டால், அந்தக் கேள்வியே தவறு என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது, கேட்டவுடன் அழித்துவிடுகிறார்கள். அதற்காகவும் சரியான விடைகளைக் கேட்டாக வேண்டும்.

ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்கார வைத்துச் சோதிக்கும் முறைக்கு நம் நாட்டில் பெரிய முன்மாதிரி உண்டு. பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ‘ஏசர்’ கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்கே சென்று, 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஒரே தாளை நீட்டுகிறார்கள். முதலில் கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்குகள். அவற்றைச் செய்தால் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். செய்ய முடியாவிட்டால் எண்களை அடையாளம் காணுதல். பள்ளிக்கு வராத பிள்ளையும் வீட்டில் இருப்பதால் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறது. 2024 அறிக்கையின்படி நாடு முழுவதும் கிராமப்புற மூன்றாம் வகுப்பு மாணவர்களில் 33.7 விழுக்காட்டினரும், 2022-இல் 25.9 விழுக்காட்டினரும் அந்தக் கழித்தலைச் செய்தார்கள். ஐந்தாம் வகுப்பில் வகுத்தலைச் செய்தவர்கள் 2024-இல் 30.7 விழுக்காடு. இத்தகைய எண்கள் அரசுக்கும் மக்களுக்கும் இன்றியமையாதவை. நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியைத் தருகிறது. ஆனால் ஏசரும் சரி, நிலைப் பிரிப்பும் சரி, குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்லும். அடுத்த படியில் ஏன் கால் வைக்கவில்லை என்பதை அந்தந்த வகுப்பறையில்தான் கேட்டறிய முடியும்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. வாரச் சந்தையில் பெற்றோருடன் காய்கறிக் கடையில் உட்காரும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் எப்போதும் சிலர் இருக்கிறார்கள். 140 ரூபாய்க்குக் காய் வாங்கியவர் 500 ரூபாய்த் தாளை நீட்டினால், 60 சேர்த்தால் 200, இன்னும் 300 சேர்த்தால் 500 என்று மேல்நோக்கி எண்ணி, 360 ரூபாயைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதே பிள்ளை தாளில் 500-இலிருந்து 140-ஐக் கழித்து 440 என்று எழுதுகிறது. இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் விற்பனை செய்த ஐந்து பிள்ளைகளைக் கொண்டு 1985-இல் வெளியான ஆய்வு ஒன்றில், விற்பனையின்போது கேட்கப்பட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் செய்தவர்கள், அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காட்டையே சரியாகச் செய்தார்கள். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. அதோடு, பள்ளிக் கணக்கைச் செய்யும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுவதையும் அது காட்டியது. ஆகவே 440 என்று எழுதிய பிள்ளையைக் கழிக்கத் தெரியாதவன் என்று பதிவது உண்மைக்குப் புறம்பானது. கழிக்கத் தெரியும், தாளின் முறை தெரியாது என்று எழுத வேண்டும். அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களுக்கும் பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கும் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் கணிசமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதிய வாழ்க்கைக் கணக்கைக் கொடுத்துவிட்டுக் கணக்கு வரவில்லை என்று சொல்வது, தமிழைச் சோதித்துக் கணக்கில் மதிப்பெண் குறைப்பதாகும். எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் சில பிள்ளைகள் வகுப்பிலேயே முன்னால் நிற்கிறார்கள்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேச நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. எல்லோரையும் அழைக்கத் தேவையில்லை. மேலே சொன்னபடி எண்களைத் தேர்ந்து ஆறு, ஏழு கணக்குகள் கொடுத்தால், தாள்களைத் தவறின் வகைப்படி அடுக்கும்போதே பெரும்பாலானவர்களின் சிக்கல் விளங்கிவிடும். எந்த அடுக்கிலும் சேராமல் தனித்து நிற்கும் சிலரைக் கூப்பிட்டால் போதும். பதிவேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் குழந்தை எழுதிய தவறான விடையையும் அப்படியே குறித்துவைப்பது என் வழக்கம். ஆகஸ்டில் அதே கணக்கை மறுபடி கொடுக்கும்போது, 326 என்று எழுதியவள் 374-க்கு வந்திருந்தால், மதிப்பெண் பூச்சியத்திலேயே நின்றாலும் அவள் முன்னேறியிருக்கிறாள் என்று அவளிடமே சொல்ல முடிகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோர், பிள்ளைக்குக் கணக்கு வருகிறதா இல்லையா என்றுதான் கேட்கிறார்கள். நான் இப்போது அவர்களிடம் தாளையே காட்டி, எந்த இடத்தில் தவறுகிறது என்று விளக்கிவிடுகிறேன். பேரனுக்காக வந்திருந்த அப்பாரு ஒருவர், தினமும் சொசைட்டியில் பால் ஊற்றும் கணக்கை அவனைக் கொண்டே எழுத வைக்கட்டுங்களா என்று கேட்டார். எழுத வைக்கலாம், ஆனால் முதலில் வாயால் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு அதே கணக்கைத் தாளில் போடச் சொல்லுங்கள், இரண்டு விடையும் வேறுபட்டால் அழிக்காமல் என்னிடம் கொண்டு வரச் சொல்லுங்கள் என்றேன். முதல் வாரத்திலேயே மூன்றரை லிட்டரில் ஒரு தாள் வந்தது: வாயில் 140 ரூபாய், தாளில் 120. அரை லிட்டரை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பின்னத்தை அங்கிருந்தே தொடங்கியிருக்கிறோம்.